படத்துக்காகப் பறந்த கார்கள்: பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் எழுதுங்கள்

செங்கை வாசகன்:
கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சவுக்குத் தோப்பில் ஒரு படப்பிடிப்பு. பழைய டாடா சுமோ ஒன்று ராம்ப்பில் ஏறிப் பறந்து மணலில் விழுந்தது. இரும்பு நெளிகிற அந்தச் சத்தம் தியேட்டரில் ஒருநாளும் கேட்காதது. உள்ளே இருந்த ஃபைட்டர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்து கையைத் தூக்கிக் காட்டும்வரை அங்கே யாரும் வாயே திறக்கவில்லை. பிறகு வண்டியைத் தள்ளப் பார்த்தார்கள், நகரவில்லை. முன் சக்கரங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. அந்த வண்டிக்குள் என்னென்ன போயிருக்கும்? அனுப்புவதற்கு முன்னால் என்ன வேலை செய்வார்கள்?

சாலிகிராமம் பட்டறை:
டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன், ஷூட்டிங் வண்டிகள் அடிக்கடி வரும். வந்ததும் முதலில் கழற்றுகிற வேலைதான். பின் சீட், ஏசி, கதவின் உள்தட்டி எல்லாம் வெளியே போய்விடும். ஏர்பேக் இருந்தால் கட்டாயம் எடுத்தாக வேண்டும், மோதுகிற நேரத்தில் வெடித்து ஓட்டுகிறவரின் கண்ணை மறைத்துவிடும். பெட்ரோல் டேங்க்கை இறக்கிவிட்டு, அந்த ஷாட்டுக்கு மட்டும் போதுமான சின்ன டேங்க் வைப்போம். பேட்டரிக்குக் கட்-ஆஃப் சுவிட்ச் உண்டு.

அதற்குப் பிறகுதான் ரோல் கேஜ், அதாவது கூரை நசுங்காமல் ஓட்டுகிறவரைக் காக்க வண்டிக்குள் கட்டுகிற இரும்புப் பைப் கூண்டு. இதில்தான் உயிர் இருக்கிறது. பைப்பைக் கொண்டுபோய்த் தரைத் தகட்டிலேயே பற்றவைத்தால், வண்டி கவிழும்போது அது தகட்டைப் பொத்துக்கொண்டு இறங்கிவிடும். கனமான பிளேட் போட்டு அதன்மேல்தான் நிறுத்த வேண்டும். சுமோ, பொலிரோ போலத் தனி சேஸி (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) உள்ள வண்டி என்றால் சேஸியோடு சேர்த்தே பற்றவைப்பேன். சீட்டும் கேஜோடு இணைந்திருக்க வேண்டும்.

நீங்கள் பார்த்த ஜம்ப்பில், முன் சக்கரம் ராம்ப் விளிம்பைத் தாண்டிய பிறகும் பின் சக்கரம் ராம்ப்பில்தான் இருக்கும். அந்த இடைவெளியிலேயே மூக்கு கீழே இறங்க ஆரம்பித்துவிடும், இன்ஜின் கனமும் முன்னாலேயே இருக்கிறது. அதனால் பின்பக்கம் மணல் மூட்டை ஏற்றுவோம். விழும்போது ஷாக் அப்சார்பர் முழுக்க அமுங்கியபின் மிச்ச அடியெல்லாம் சேஸிக்குப் போகும். இன்ஜின் மவுண்டிங் அறுந்து, இன்ஜின் முன்னால் சாய்ந்து, ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்துவிடும். ஆயில் சம்ப் உடையும். முன் சஸ்பென்ஷன் ஆர்ம் வளைந்துபோகும், சக்கரங்கள் அப்படி நின்றதற்கு அதுதான் காரணமாக இருக்கும். தனி சேஸி இல்லாத கார்களில் கூரையிலேயே மடிப்பு விழும், கதவு திறக்காது. ஆகவே ஜன்னல் வழியாக ஆள் வெளியே வர இடம் விட்டுத்தான் கேஜ் கட்ட வேண்டும்.

வட்டமடிக்கிற காட்சி வேறு மாதிரி. கைபிரேக் கேபிள் அந்த இழுவைக்குத் தாங்காது. ஹைட்ராலிக் லீவர் ஒன்று தனியாக வைத்து, பின் சக்கரங்கள் மட்டும் பூட்டிக்கொள்கிற மாதிரி செய்வோம். ஏபிஎஸ் வேலை செய்தால் சக்கரம் பூட்டாது என்பதால் அதைத் துண்டித்துவிட வேண்டும். ரீடேக் போகப்போக டயர் ஒரே இடத்தில் தட்டையாகத் தேயும், வீல் பேரிங் ஊளையிடும்.

அட்லாண்டாவிலிருந்து:
மணல் மூட்டை என்றதும் எழுதத் தோன்றியது. இங்கே பக்கத்தில்தான் கோவிங்டன் என்கிற ஊர். 1979 முதல் 1985 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய 'தி டியூக்ஸ் ஆஃப் ஹஸார்ட்' தொடரின் முதல் ஐந்து பகுதிகளை இந்தச் சுற்றுவட்டாரத்தில் எடுத்தார்கள். அதில் வரும் ஆரஞ்சு நிற 1969 டாட்ஜ் சார்ஜர் முதன்முதலில் பறந்தது 1978 நவம்பரில், இங்கே இருக்கிற ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரி வளாகத்தில். உயரம் சுமார் 16 அடி, நீளம் 82 அடி. அதற்கும் டிக்கியில் பாரம் ஏற்றியிருந்தார்கள். விழுந்த அடியில் வளைந்துபோய், அந்தக் கார் அப்புறம் பறக்கவே இல்லை. அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். சாதாரண சாலை, இரண்டு பக்கமும் மரம். அதைப் பார்த்தபிறகுதான் 82 அடி என்பது எவ்வளவு தூரம் என்று உறைத்தது. தொடர் முடிவதற்குள் முந்நூறு கார் அளவுக்குச் செலவழிந்ததாகச் சொல்வார்கள். கடைசிக் காலத்தில் சார்ஜர் கிடைப்பதே கஷ்டமாகி, பொம்மைக் காரை வைத்துப் பறக்கும் காட்சிகளை எடுத்தார்கள். ஒரு நல்ல கார் இனத்தையே இப்படிக் கரைத்துவிட்டார்களே என்று எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கோவை ராகவி:
பழைய ஸ்கார்ப்பியோ ஒன்றை வாங்கப் போயிருந்தோம். பெயின்ட் பளபளவென்று இருந்தது. கூடவந்த எங்கள் மெக்கானிக் அண்ணன் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தார். தரையில் நாலு மூலையிலும் சதுரமாக வெல்டு அறுத்துத் தேய்த்த தடம். "தங்கச்சி, இது சண்டைக்குப் போன வண்டி, வேணாம்"னு சொல்லிவிட்டார். விற்க வந்தவர் மறுக்கவும் இல்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் கார்ப்பெட்டுக்கு அடியில் ஒருமுறை பாருங்கள். பட்டறை அண்ணா, கார் தலைகுப்புற உருள்கிற காட்சிக்கு உள்ளே குண்டு வைப்பார்களா?

சாலிகிராமம் பட்டறை:
குண்டு இல்லைம்மா. ஒருபக்கச் சக்கரம் மட்டும் சரிவான பைப்பில் ஏறினால் வண்டி தானாகச் சுருண்டுவிடும். இன்னொரு முறையும் உண்டு. காருக்குள் கனமான குழாய் ஒன்றைத் தரையைப் பார்த்துப் பற்றவைத்து, உள்ளிருக்கும் உருளையை நைட்ரஜன் அழுத்தத்தால் தரையில் அடிக்க வைப்பது. அந்த உதையில் கார் உருளும். 2006இல் வந்த 'கேசினோ ராயல்' படத்துக்கு ஆஸ்டன் மார்ட்டினை முதலில் ராம்ப்பில் ஏற்றிப் பார்த்தார்கள், அவ்வளவு தாழ்வான கார் கவிழவே இல்லை. பிறகு நைட்ரஜன் குழாய் வைத்து ஏழு முறை உருட்டினார்கள். 1974இல் வந்த 'மெக்கியூ' படத்துக்காக இந்த முறையைச் சோதித்தபோது கருமருந்துதான் வைத்தார்கள், அந்தச் சோதனையில் ஸ்டண்ட் கலைஞர் ஹால் நீடமுக்கு முதுகெலும்பு முறிந்தது.

இதையெல்லாம் ஆர்வமாகப் பேசுகிறோம், ஆனால் 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் கார் கவிழும் காட்சியில் ஒரு ஸ்டண்ட் கலைஞர் இறந்தார். அந்தச் செய்தி வந்த அன்று பட்டறையில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

உருண்ட வண்டியில் இன்ஜின், கியர்பாக்ஸ் நன்றாக இருந்தால் பார்ட்ஸ் கடைக்குப் போகும், பாடி எடைக்குப் போகும். கேஜை மட்டும் அறுத்து அடுத்த வண்டிக்கு வைத்துத் தரச் சொல்லிச் சிலர் கேட்பார்கள், பைப் செலவு மிச்சமாகுமாம். ஒருமுறை அடிபட்ட பைப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். நான் தருவதில்லை, அவர்கள் முன்னாலேயே துண்டு துண்டாக அறுத்துப் போட்டுவிடுவேன். ஸ்டண்டுக்கு வண்டி தயார் செய்கிற மற்ற பட்டறைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் தராதீர்கள்.