பழைய கஸ்டம் கியூ: ஆடுவதா, உறையிலேயே வைத்திருப்பதா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகப் பூல் (மேசைமேல் பந்துகளைக் கோலால் அடித்துப் பையில் வீழ்த்தும் ஆட்டம்) ஆடி வருகிறேன். சென்ற மாதம்தான் முதன்முறையாக, ஒரே கைவினைஞர் தம் பட்டறையில் கடைந்து செய்த பழைய கியூ (பந்தடிக்கும் கோல்) ஒன்று என் கைக்கு வந்தது. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற மூத்த ஆட்டக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். பட் எனப்படும் பின்பாதியின் முன்பகுதி கண்கண்ணாய்ப் புள்ளி விழுந்த பேர்ட்ஸ் ஐ மேப்பிள்; அதற்குள் கருங்காலியில் நான்கு கூர்முனைகள் ஏறி நிற்கின்றன; ஒவ்வொரு முனையின் விளிம்பையும் ஒட்டி நான்கு நிறங்களில் வெனீர் (மெல்லிய மரத்தகடு) இழைகள் ஓடுகின்றன. பிடியில் ஐரிஷ் லினன் நூல் சுற்று, நடுவில் இரு பாதிகளையும் இணைக்கும் எஃகு ஜாயின்ட், தந்த ஃபெரூல் (பந்தைத் தொடும் தோல் நுனியான டிப்பைத் தாங்கும் வளையம்) பொருத்திய இரண்டு ஷாஃப்டுகள் (முன்பாதித் தண்டுகள்).

இதுவரை நான் ஆடியது கார்பன் ஃபைபர் ஷாஃப்டில். அந்தப் பழக்கத்தோடு இந்தக் கியூவை எடுத்து ஆடிய முதல் மாலையில், நேர் அடிகள் எல்லாம் பையில் விழுந்தன. ஆனால் சைடு ஸ்பின் (பந்தின் மையத்துக்குப் பக்கவாட்டில் அடித்துத் தரும் சுழற்சி) கொடுத்த அடிகளில் பாதிக்கு மேல் தவறின. இருந்தாலும் பந்தைத் தொடும்போது உள்ளங்கையில் வந்து சேரும் அந்த மெல்லிய அதிர்வை நான் வேறு எந்தக் கியூவிலும் உணர்ந்ததில்லை. இப்போது எனக்குள்ள கேள்விகள் இவை: இதை நாள்தோறும் ஆடலாமா, அல்லது உறையிலேயே பாதுகாப்பதுதான் முறையா? அழுக்கேறிய நூல் சுற்றை மாற்றினால் மதிப்புக் குறையுமா? ஃபெரூல்களை இன்றைய பொருளில் மாற்றிவிட்டால் சைடு ஸ்பின் சிக்கல் தீருமா?

மறுமொழி 1

ஃபெரூலை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். மற்றவற்றைப் பொறுமையாகப் பேசலாம்.

பழைய கியூக்களைச் சேர்ப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது பட் பகுதியை அன்று, ஷாஃப்டுகளைத்தான். பட் பகுதியை யாரும் தேய்ப்பதில்லை. ஷாஃப்டோ ஒவ்வொரு ஆண்டும், டிப்பில் தடவும் சாக்கின் கறை போக உப்புத்தாளால் தேய்க்கப்பட்டும், டிப் மாற்றும்போது கடைசல் இயந்திரத்தில் ஒரு மயிரிழை சீவப்பட்டும் மெலிந்துகொண்டே போகிறது. அந்தக் காலத்தில் 13 மில்லிமீட்டர் விட்டத்தில் செய்து கொடுத்த ஷாஃப்ட் இன்று 12.3-இல் நின்றால், அது தாண்டி வந்த கைகளின் வரலாறு அந்த 0.7-இல் இருக்கிறது. போன மரம் திரும்பி வராது. ஆகவே இரண்டு ஷாஃப்டுகளையும் ஃபெரூலுக்குச் சற்றுக் கீழே காலிப்பரால் அளந்து இங்கே எழுதுங்கள்.

நூல் சுற்றை மாற்றுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அது வியர்வையை உறிஞ்சுவதற்காகவே சுற்றப்பட்டது, தேய்வது அதன் இயல்பு. அதே வகை லினன் நூலைக் கொண்டு, கியூ வேலை தெரிந்த ஒருவரே சுற்றினால் போதும். பட்டின் மெருகுப் பூச்சைப் புதுப்பிப்பது வேறு செய்தி. செய்தவர் உயிரோடு இருந்தால் அவரிடமே அனுப்ப வேண்டும், இல்லையென்றால் கீறல்களோடு விட்டுவிடுவதே மேல்.

யார் செய்தது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. விற்றவர் பெரிய பெயர் ஏதேனும் சொல்லியிருந்தால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். 1959-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் கியூ செய்யத் தொடங்கி 1975-இல் மறைந்த ஜார்ஜ் பலபுஷ்காவின் பெயரில் உலவும் போலிகள் ஏராளம். அவர் தொடக்கத்தில் பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்ட் கட்டைகளை (கூர்முனைகள் ஏற்கெனவே இணைக்கப்பட்டவை) கடைந்தும், பின்னர் பர்ட்டன் ஸ்பெய்ன், கஸ் சாம்போட்டி ஆகியோரிடமிருந்து பெற்ற கட்டைகளைக் கடைந்தும் கியூ செய்தார் என்பதால், பெயரைவிட அந்தக் கட்டையின் இணைப்பு முறையே நம்பத்தக்க சான்று. கூர்முனைகளின் நுனியை உருப்பெருக்கியில் பாருங்கள். வி வடிவக் காடி வெட்டி ஒட்டிய முனை ஊசிபோல் முடியும். கணினி இயந்திரம் குடைந்து பதித்த முனையோ, கையால் கூர்தீட்டப்படாவிட்டால், வெட்டுக்கருவியின் வட்டத்திற்கேற்ப நுனியில் சற்று உருண்டிருக்கும். நான்கு முனைகளும் நூல் பிடித்தாற்போல் ஒரே உயரத்தில் நிற்காவிட்டால் வருந்த வேண்டாம். கைவேலையில் அது வழக்கம்தான்.

மறுமொழி 2

சைடு ஸ்பின் பற்றி மட்டும் எழுதுகிறேன். சேகரிப்பு என் துறை அன்று.

வெள்ளைப் பந்தின் மையத்துக்கு வலப்புறம் அடித்தால், பந்து குறிவைத்த கோட்டிலிருந்து சற்று இடப்புறமாக விலகிக் கிளம்புகிறது. இந்த விலகலின் அளவை முதன்மையாகத் தீர்மானிப்பது ஷாஃப்டின் முன்நுனியில், டிப்பிலிருந்து ஏறத்தாழ ஆறு அங்குலத்துக்குள் அடங்கியிருக்கும் எடை. நுனி கனமாக இருந்தால் அது பந்தை அதிகமாகப் பக்கவாட்டில் தள்ளுகிறது; இலேசாக இருந்தால் தானே விலகிக்கொடுக்கிறது. குறைந்த விலகலுக்கென்று செய்யப்படும் ஷாஃப்டுகளில் நுனியைக் குடைந்து, ஃபெரூலையும் சிறிதாக்குவது இதற்காகத்தான். உங்கள் கியூவிலோ திட மேப்பிள் தண்டின் மேல் கனமான தந்தம் உட்கார்ந்திருக்கிறது. ஃபெரூலை மாற்றினால் கொஞ்சம் எடை குறையும், ஆனால் கார்பன் ஷாஃப்டின் அளவுக்கு வராது. மூலப்பொருளை இழந்ததுதான் மிச்சமாகும்.

கியூவை மாற்றுவதைவிட உங்கள் குறியை மாற்றுவது எளிது. வெள்ளைப் பந்தின் மையத்தைக் குறிவைத்து நின்று, கியூவின் முன்பகுதியைத் தாங்கும் கையை (முன்கை) அசைக்காமல், பட்டைப் பிடித்த பின்கையை மட்டும் நகர்த்தி டிப்பைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய் அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் விலகல் தானாக ஈடாகிவிடும் ஒரு பிரிட்ஜ் தூரம் (முன்கைக்கும் வெள்ளைப் பந்துக்கும் உள்ள இடைவெளி) உண்டு. விலகல் அதிகமுள்ள ஷாஃப்டில் அது குறைவு. அதனால் நீங்கள் பழகிய தூரத்தைவிட முன்கையை வெள்ளைப் பந்துக்கு நெருக்கமாக வைத்து, ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக மாற்றிப் பாருங்கள். வேகம் குறைந்த நீண்ட அடிகளில் பந்து மீண்டும் வளைந்து வந்து கணக்கைக் குழப்பும் என்பதால், முதலில் நடுத்தர வேகத்தில், குறுகிய தூரத்தில் பழகுங்கள்.

மறுமொழி 3

முதல் நண்பரின் கவலை நியாயமானது. ஆனால் அதைக் கேட்டு உறையிலேயே பூட்டி வைத்துவிடாதீர்கள். என் பரிந்துரை, அதே ஜாயின்ட் திருகுக்குப் பொருந்தும்படி ஆடுவதற்கென்று மூன்றாவது ஷாஃப்ட் ஒன்று செய்துகொள்வது. எஃகு ஜாயின்டுகளில் 5/16-14 அளவுத் திருகு (5/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 புரி) மிகப் பரவலானது என்றாலும், அதை நம்பி ஆர்டர் கொடுக்கக் கூடாது. பட் பகுதியையே கைவினைஞரிடம் கொடுத்து, ஜாயின்டின் காலருக்குள் (எஃகு வளையம்) ஷாஃப்ட் இறுக்கமாக உட்காரும்படி பொருத்த வேண்டும். எனினும் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: நீங்கள் எழுதிய அந்த அதிர்வில் பெரும்பங்கு மூல ஷாஃப்டின் மரத்திலிருந்து வருகிறது. புதியதில் அது அப்படியே கிடைக்காது. நான் என் பழைய கியூவை வாரத்துக்கு ஒரு மாலையாவது மூல ஷாஃப்டோடு ஆடுகிறேன். அந்தச் சுகத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

ஆட்டத் தொடக்கத்தில் பந்துக்குவியலை உடைக்கும் பிரேக் அடிக்கு ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். அதற்குத் தனிக் கியூ வைத்துக்கொள்ளுங்கள். அந்த மோதலில் தந்தம் விரிசல் விட்டால் அதோடு முடிந்தது. ஷாஃப்டைத் துடைக்கப் பிழிந்தெடுத்த ஈரத்துணி, உடனே உலர்ந்த துணி, பின் தோல் துண்டால் சூடேறும்வரை தேய்ப்பு. உப்புத்தாள் கூடவே கூடாது. சிறு பள்ளம் விழுந்தால் அதன்மேல் ஒரு சொட்டு நீர் வையுங்கள், நசுங்கிய இழை ஊறி எழும்பிவிடும். சுவரில் சாய்த்து வைப்பதும், வெயிலில் நிற்கும் காருக்குள் விடுவதும் மரத்தை வளைத்துவிடும்.

இன்னொன்று, வெளிநாட்டுப் போட்டிக்கு இதை எடுத்துச் செல்ல எண்ணியிருந்தால் வேண்டாம். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்யும் முடிவு 1989-இல் எடுக்கப்பட்டது. அமெரிக்கா 2016-இல் உள்நாட்டு விற்பனையையும் ஏறத்தாழ முழுமையாக முடக்கியது. உரிய ஆவணமில்லாத தந்தம் எல்லையில் பறிமுதல் ஆகலாம், அது எத்தனை சிறிய வளையமாக இருந்தாலும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அளந்து பார்த்தேன்: ஒரு ஷாஃப்ட் 12.9, மற்றொன்று 12.5 மில்லிமீட்டர். மெலிந்ததில் ஃபெரூலுக்குக் கீழே சாக்கின் நீலம் ஆழமாக ஊறியிருக்கிறது, நான்கு விரல் தள்ளி ஒரு பழைய பள்ளமும் தெரிகிறது. முன்னவர் ஆடியது இதில்தான் போலும். மேசையில் உருட்டியபோது இரண்டும் ஆட்டமின்றி ஓடின. கூர்முனைகள் ஊசியாகத்தான் முடிகின்றன. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு நெல்மணி அளவு குட்டை.

12.9 உள்ளதை உறையில் வைத்துவிட்டேன். பள்ளத்தில் நீர் வைத்து உலரவிட்டு, 12.5-இல் நேற்று இரண்டு மணிநேரம் ஆடினேன். பிரிட்ஜை (முன்கையை) இரண்டு அங்குலம் முன்னே நகர்த்தியதும் வலப்புற ஸ்பின் அடிகள் சரியாக விழத் தொடங்கின. இடப்புறம் இன்னும் பிடிபடவில்லை. நூல் சுற்றுக்கு அடுத்த வாரம் ஆள் பார்க்கிறேன்.