சிங்க் போட்டதும் போன எண்கள்

தோப்பு வீடு, கொழிஞ்சாம்பாறை:
அப்பாவின் ஃபோனில் இருக்கும் எண்களை வீட்டுக் கம்ப்யூட்டரோடு சிங்க் செய்ய, அதாவது இரண்டிலும் ஒரே பட்டியல் இருக்கும்படி செய்ய, உட்கார்ந்தேன். முதல் தடவை இணைத்ததும் வருமே அந்தக் கேள்வி: இரண்டையும் சேர்க்கவா, ஃபோனில் இருப்பதை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதைப் போடவா? இரண்டாவதை அழுத்திவிட்டேன். கம்ப்யூட்டரில் இருந்தது மூன்று வருடப் பழைய பட்டியல். 412 பெயர் 96 ஆனது.

அப்பா வெறும் பெயராகப் போட மாட்டார். ‘வேலந்தாவளம் தக்காளி, விடியக்காலை மட்டும்’, ‘பொள்ளாச்சி கொப்பரை, ரொக்கம்’, ‘கிணத்து மோட்டார், மகன்கிட்ட பேசணும்’ என்றுதான் இருக்கும். அவருடைய வியாபாரமே அதில்தான். என்னைத் திட்டவில்லை. ஃபோனை வாங்கி மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அந்த விரல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

தறிக்காரர், நகரி:
கேள்வியைப் படித்துவிட்டு அழுத்தியிருந்தால் போயிருக்காது தம்பி. எங்கள் வீட்டில் சரியாக அழுத்தியும் கெட்டது. பாதிப் பெயர் தமிழ், பாதி தெலுங்கு. எல்லாவற்றையும் விசிஎஃப் கோப்பாக (பெயர்களையும் எண்களையும் சேர்த்து வைக்கும் கோப்பு) எடுத்து அம்மாவின் புது ஃபோனில் ஏற்றினேன். மறுநாள் அக்காவுக்கு வலி கண்டு புத்தூரிலிருந்து மாமா கூப்பிடுகிறார். திரையில் சமக்குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒரு நீள வரிசை. ஏதோ மோசடிக்காரன் என்று அம்மா நாலு தடவை கட் செய்துவிட்டார்.

விசிஎஃப்பின் பழைய 2.1 பதிப்பில் ஒரு தமிழ் எழுத்து 9 குறியாகப் பிரியும், புள்ளிக்கும் கொம்புக்கும் தனியாக 9. அதைத் திரும்ப எழுத்தாக்கத் தெரியாத மென்பொருள் அப்படியே காட்டிவிடும். ஒவ்வொரு பெயராக உட்கார்ந்து திருத்தினேன்.

புளியரை வாசி:
தறிக்காரர் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அவசரத்தில் அந்தப் பெட்டியை யார் படிக்கிறார்கள்? இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டரில் படங்களை அழித்தேன், ஃபோனிலும் போய்விட்டது. ஆரியங்காவு திருக்கல்யாணப் படங்கள்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்க் என்றால் ஒரு பக்கம் அழித்தது மறுபக்கமும் அழியும். அதனால் இணைக்கும் முன்பே எண்களை விசிஎஃப் கோப்பாக எடுத்து, தேதி போட்டு, பென் டிரைவில் வையுங்கள். முதல் தடவை எப்போதும் ‘சேர்’ என்பதையே அழுத்துங்கள். இரட்டைப் பெயர் வந்தால் வரட்டும், அப்புறம் நீக்கலாம். ஏதோ தப்பு என்று தெரிந்தால் உடனே கேபிளைப் பிடுங்கி, வைஃபையை அணையுங்கள். எண்கள் கூகுள் கணக்கில் இருந்தால் 30 நாளுக்குள் பழைய பட்டியலை மீட்கலாம். கூகுள் போட்டோஸில் ஏற்றிய படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். தோப்பு வீட்டுக்காரரே, உடனே பாருங்கள்.

தோப்பு வீடு, கொழிஞ்சாம்பாறை:
பார்த்தேன் அண்ணா. எல்லாம் ஃபோனிலேயே சேமித்தது, கூகுளில் ஒன்றும் இல்லை. நேற்று கொப்பரைக்காரரே கூப்பிட்டார். அப்பா அந்த எண்ணை ஃபோனில் போட்டு, ‘ரொக்கம்’ என்பதையும் சேர்த்தார். பிறகு பழைய டைரியை எடுத்து அதிலும் எழுதிக்கொண்டார்.