நீல்சனின் 'சவுலும் தாவீதும்': மீதியையும் கேட்கலாமா?

மழைக்காகிதம்:
டென்மார்க் இசையமைப்பாளர் கார்ல் நீல்சனின் சிம்பொனிகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வேதாகமக் கதையை வைத்து அவர் எழுதிய 'சவுலும் தாவீதும்' ஓப்பராவின் இரண்டாம் அங்க முன்னிசை மட்டும் தனியாகக் கிடைத்தது. அந்த டிரம்பெட்டுகளில் சொக்கிப்போய் முழு ஓப்பராவையும் தேடிப் பிடித்தேன். முதல் அங்கத்தில் தாவீது சுரமண்டலத்தோடு வந்து பாடியது அருமை. அப்புறம் கோலியாத்துச் சண்டைக்குக் காத்திருந்தால், அது மேடையிலேயே இல்லை! சவுலின் மகன் யோனத்தான் வந்து வெற்றிச் செய்தியைச் சொல்கிறான், அவ்வளவுதான். அதோடு நிறுத்திவிட்டேன். மீதியில் ஏதாவது இருக்கிறதா? ஏன் இதை யாருமே போடுவதில்லை?

பேஸ் குரல்:
போயும் போயும் அங்கேயா நிறுத்தினீர்கள்! நீங்கள் தாவீதைத் தேடிக் கேட்டிருக்கிறீர்கள். இது சவுலின் ஓப்பரா.

ஞாயிறு பள்ளியில் சவுல் என்றால் பொறாமைக்கார ராஜா, அதற்கு மேல் பேச்சில்லை. நீல்சனும் பாடல்வரி எழுதிய ஐனார் கிறிஸ்டியன்சனும் அந்த ஆளை அப்படி விடவில்லை. தொடக்கமே கில்கால் என்ற இடத்தில். தீர்க்கதரிசி சாமுவேலுக்காகக் காத்துக் காத்து, பொறுமை போய், அவர் செலுத்த வேண்டிய பலியைத் தானே செலுத்திவிடுகிறான். கிழவர் வந்து சபிக்கிறார். எதிரி வாசலில் நிற்கிறான், படை கலைகிறது, அவன் வேறென்னதான் செய்வான்? சர்ச் கொயரில் பேஸ், அதாவது ஆண்களின் அடிக்குரல், பாடுகிறவன் நான், சாமுவேலும் பேஸ்தான். ஆனாலும் என் அனுதாபம் முழுக்கச் சவுல் பக்கம். கடவுளோடு மல்லுக்கட்டும் கேள்விகளையெல்லாம் நீல்சன் அவன் வாயில்தான் வைத்திருக்கிறார். தாவீது பாடினால் சுதி தெளிகிறது, சவுல் வாயைத் திறந்தால் கலங்குகிறது.

சண்டை முடிந்ததும் வருவதைக் கேட்டிருக்க வேண்டும். 'சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்' என்று ஊர் கொண்டாட, கூட்டத்தின் குதூகலம் ஏற ஏற ஒருவன் மட்டும் உள்ளே கருகுகிறான். கடைசியில் சவுலின் ஈட்டி தாவீதை நோக்கிப் பறக்கிறது.

மூன்றாம் அங்கம் இன்னும் கொடுமை. வேதாகமத்தில் சாமுவேல் தாவீதைச் சிறுவனாக இருக்கும்போதே, பெத்லகேமில் வைத்து அடுத்த ராஜாவாக அபிஷேகம் பண்ணிவிடுவார். இங்கே அதைப் பின்னுக்குத் தள்ளி, சவுலும் தாவீதும் சமாதானமான அடுத்த கணமே, சாகக் கிடக்கும் சாமுவேலைக் கொண்டுவந்து, சவுலின் கண் முன்னாலேயே செய்ய வைக்கிறார்கள். அப்போ அவன் பயந்தது வீண் பயமில்லையே!

கறார் காது:
பேஸ் குரல் சார் சவுலுக்கு வக்கீல் வைத்துவிட்டார். நான் முழுசாகக் கேட்டவன்தான், எனக்கு அவ்வளவு உற்சாகம் வரவில்லை. தாவீது நல்லவன், நல்லவன், கடைசி வரை நல்லவன். சவுலின் மகள் மீகாளோடு அவன் பாடுவது இனிமையாக இருந்தாலும், கதாபாத்திரம் வளரவே இல்லை. பாதி நேரம் கோரஸ் நின்று பாடுகிறது, நடிப்பில்லாமல் நின்று பாடும் ஓரட்டோரியோ கேட்பது போலத்தான் இருக்கிறது. பெரிய கோரஸ், டேனிஷ் மொழி, அரங்கைத் தூக்கி நிறுத்தும் ஒரு சவுல், இவ்வளவையும் சேர்த்து எந்த அரங்கம் துணியும்? டென்மார்க்கிலேயே 1906-இல் வந்த அவருடைய நகைச்சுவை ஓப்பரா 'மாஸ்கரேட்'தான் செல்லப்பிள்ளை.

பேஸ் குரல்:
தாவீதைப் பற்றிச் சொன்னதில் பாதி சரி, ஒத்துக்கொள்கிறேன். கோரஸைப் பற்றிச் சொன்னது சரியில்லை. அது நிற்கிறது, ஆனால் சும்மா நிற்கவில்லை. குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒரு தனிமனிதனைச் சுற்றி வளைக்கின்றன. கொயரில் நின்று பாடியவனுக்கு அந்த நெருக்கடி தெரியும். இசைக்குழுவுக்கு உள்ளே உட்கார்ந்து எழுதியவர் என்பதும் காதில் விழுகிறது. 1902 நவம்பர் 28-இல் கோபன்ஹேகன் ராயல் தியேட்டரில் இது அரங்கேறியபோது இசைக்குழுவை நடத்தியவர் நீல்சனே. அதே அரங்கின் இசைக்குழுவில் அவர் அப்போது இரண்டாம் வயலின் வாசிப்பவர்!

மழைக்காகிதம்:
சரி சரி, ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திரும்ப உட்கார வைத்துவிட்டீர்கள். எந்தப் பதிவு?

பேஸ் குரல்:
இசை முழு வலுவோடு வேண்டுமென்றால் நேமே யார்வி நடத்தியது, சாண்டோஸ் வெளியீடு, டேனிஷில். ஆகெ ஹவுக்லாந்தின் சவுலுக்காகவே வாங்கலாம். வார்த்தை புரிய வேண்டுமா, 1972-இல் யாஷா ஹோரன்ஸ்டைன் நடத்தியது இருக்கிறது, ஆங்கிலத்தில் பாடியிருக்கிறார்கள். சவுலாக போரிஸ் கிறிஸ்டோஃப், சும்மா உறுமுகிறார். பார்க்க வேண்டுமென்றால் 2015-இல் கோபன்ஹேகனில் டேவிட் பவுண்ட்னி இயக்கியதன் டிவிடி.

எதை எடுத்தாலும் நான்காம் அங்கத்தை ராத்திரியில் கேளுங்கள். எந்தோர் என்ற ஊரில் ஒரு குறிசொல்லி, செத்த சாமுவேலை எழுப்புவதும், கில்போவா மலையில் சவுல் மன்னிப்புக் கேட்காமல் கடவுளைத் திட்டிக்கொண்டே சாவதும் அங்கேதான். இன்னொன்று, மூன்றாம் அங்கத்தில் தாவீதோடு சவுலின் பாளயத்துக்குள் நுழையும் அவன் தோழன் அபிசாய்க்குப் பெண்குரல் கொடுத்திருக்கிறார்கள். மீகாள் என்று நினைத்துக் குழம்பிவிடாதீர்கள்.