தொப்பை ஆபரேஷன்: மூன்று டாக்டர், மூன்று விலை. சேலத்துக்காரர்கள் அனுபவம் சொல்லுங்கள்

அம்மாபேட்டை அக்கா:

போன வருஷம் ஆடித் திருவிழா முடிந்த கையோடு எனக்கு வயிறு ஆபரேஷன் நடந்தது. தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி எடுத்துத் தைப்பது, டம்மி டக் (tummy tuck) என்பார்களே, அது. "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்காத ஆள் இல்லை. தொகையை மட்டும் சொன்னால் கேட்பவர்களுக்கு உபயோகமில்லை, அதனால் நடந்ததையே எழுதுகிறேன்.

இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். சின்னவள் பிறந்து 6 வருஷம் ஆகியும் வயிறு உள்ளே போகவில்லை. மாசமாக இருக்கிறேன் என்று நினைத்து டவுன் பஸ்ஸில் இரண்டு முறை எழுந்து இடம் கொடுத்தார்கள். இறங்கி வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். சோற்றைக் குறைத்து, தினமும் நடந்து, 7 கிலோ குறைத்தேன். வயிறு மட்டும் அப்படியே நின்றது.

முதலில் போன கிளினிக்கில் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு 85,000 ரூபாய் என்றார்கள். சந்தோஷமாக வந்துவிட்டேன். சீட்டை நிதானமாகப் படித்தபோதுதான் அது லைப்போசக்ஷன் என்று தெரிந்தது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார்கள், அவ்வளவுதான். தொங்குகிற தோல் தொங்கிக்கொண்டேதான் இருக்கும். இரண்டாவது இடத்தில் 1,60,000. மூன்றாவது டாக்டர் 2,30,000 சொன்னார்.

அந்த மூன்றாவது டாக்டர் மட்டும்தான் என்னைப் படுக்கவைத்துப் பார்த்தார். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். என்ற மேல்படிப்பு படித்தவர். "தலையை மட்டும் மெதுவா தூக்குங்கம்மா" என்றார். தூக்கியதும் தொப்புளுக்கு மேலே விரலை வைத்தார், மூன்று விரல் பள்ளத்தில் இறங்குவது போல இறங்கியது. என் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு பக்கமும் தசை கெட்டியாக இருக்கிறது, நடுவில் மெத்து மெத்தென்று ஒன்றுமே இல்லை. "பிரசவத்துல தசை விலகினது சேரவே இல்லம்மா. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இவ்வளவு இடைவெளி நடந்து நடந்து மூடாது" என்றார். இத்தனை நாள் என் வாயைக் கட்டாததுதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

விலை எங்கே மாறுகிறது என்று அங்கேதான் புரிந்தது. தொப்புளுக்குக் கீழே மட்டும் தோல் தொங்கினால் மினி டம்மி டக் போதும். சின்ன வெட்டு, குறைந்த நேரம், தொகையும் இறங்கும். எனக்கு இடுப்பின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வெட்டி, விலகிய தசையை நடுவில் இழுத்துத் தைத்து, மிச்சத் தோலை எடுத்து, தொப்புளுக்குப் புதிதாக வாய் வைத்துத் தைக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. தியேட்டர் வாடகை, மயக்க டாக்டர் ஃபீஸ் எல்லாம் அந்த நேரத்தோடு சேர்ந்து ஏறுகிறது.

சரி, அந்த 1,60,000 எப்படி என்று இரண்டாவது இடத்துக்குப் போன் போட்டேன். தசை தைப்பது அதில் இல்லை. மயக்க டாக்டர் தனி, ரத்தப் பரிசோதனை தனி, ஆபரேஷனுக்கு அப்புறம் வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட் தனி, வரியும் தனி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன், 2,20,000-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்த வரி 18 சதவீத ஜிஎஸ்டி. நோய்க்கான சிகிச்சைக்குக் கிடையாது, அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு உண்டு. மூன்றாவது டாக்டரோ எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லியிருந்தார். சீட்டுப் பணம் எடுத்துக் கட்டினேன்.

செவ்வாய்ப்பேட்டை தங்கை:

அக்கா, எனக்கும் தசை விலகல்தான், கூடவே தொப்புளில் ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். ஹெர்னியாவுக்கு இன்சூரன்ஸ் கொடுத்தார்கள், பாலிசி எடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. தோல் எடுத்த செலவு முழுக்க நம் கைக்காசு. மொத்தத்தையும் ஹெர்னியா என்று எழுதித் தரச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டார், டாக்டர் முடியாது என்றுவிட்டார். அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் செய்ததுதான் சரி.

பில்லில் வராத செலவு ஒன்று இருக்கிறது. எங்களுக்குக் கொலுசுப் பட்டறை, நானும் உட்கார்ந்து கொலுசுக் கண்ணிகளைப் பத்த வைத்து ஒட்டுவேன். ஆறு வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். குடம் தூக்க, குழந்தையைத் தூக்க, பட்டறையில் என் இடத்தில் உட்கார, எல்லாவற்றுக்கும் ஆள் வைத்தோம். அதையும் கணக்கில் சேருங்கள்.

ஏற்காட்டிலிருந்து:

மனைவிக்காகக் கேட்டபோது ஆஸ்பத்திரி செலவை மட்டும்தான் பார்த்தேன். ஆபரேஷன் முடிந்ததும் நிமிர்ந்து நிற்க முடியாது, குனிந்தேதான் நடக்க வேண்டும். வயிற்றின் இரண்டு ஓரமும் உள்ளே சேரும் நீர் வடிய டிரெயின் குழாய். அதோடு 20 கொண்டை ஊசி வளைவில் ஏற்றிக் கொண்டுபோக மனசு வரவில்லை. குழாய் எடுக்கும் வரை அஸ்தம்பட்டியில் வாடகைக்கு ரூம் எடுத்து 11 நாள் தங்கினோம். அப்புறம் தோலுக்கு அடியில் நீர் கோத்து இரண்டு முறை ஊசி போட்டு எடுத்தார்கள். எங்களிடம் அதற்குத் தனியாக வாங்கவில்லை, ஆனால் வாங்குகிற இடமும் உண்டாம். பின்னால் வரும் டிரஸ்ஸிங், நீர் எடுப்பது, தையல் சரியில்லையென்றால் மறுபடி திறப்பது, இதெல்லாம் பேக்கேஜில் உண்டா என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

சூரமங்கலம் சார்:

என் கதை சின்னது. நானும் விலை கேட்டுத்தான் போனேன். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "கிள்ளினா கையில வரலை பாருங்க. கொழுப்பு உள்ளே குடலைச் சுத்தி இருக்குது, வெளியே வெட்டி எடுக்க முடியாது" என்றார். சர்க்கரையும் இருந்தது. முதலில் சர்க்கரையும் எடையும் இறங்கட்டும், ஆறு மாசம் அதே எடையில் நின்றால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். பார்த்த ஃபீஸ் மட்டும்தான் வாங்கினார். நல்ல மனுஷன்.

அம்மாபேட்டை அக்கா:

சார், உங்களை ஏமாற்றாமல் அனுப்பினாரே, மனசுக்கு நிறைவாக இருக்கிறது. பெல்ட் பற்றித் தனியாக மெசேஜ் போட்டுக் கேட்ட தங்கச்சிக்கு: பெல்ட் இரண்டு வாங்கிக்கொள்ளம்மா. சேலத்து வெயிலுக்கு மத்தியானத்துக்குள் வேர்வையில் ஊறிவிடும். ஒன்றைத் துவைத்துப் போட்டு மற்றதைக் கட்டிக்கொள். ஆஸ்பத்திரி மெடிக்கலில் கேட்ட விலைக்கும் வெளியே வாங்கியதற்கும் எனக்கு 900 ரூபாய் வித்தியாசம். அளவை மட்டும் டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொண்டு போ.