பொருள்: ‘ஃப்ளைட் ஸ்பேர்’ தமிழில் எப்படிச் சொல்லலாம்? வெள்ளிக்கு முன் வேண்டும்

உவர்மலை, விஞ்ஞான ஆசிரியை:

அன்பின் சொல்லாக்கக் குழுவினருக்கு, உலக விண்வெளி வாரத்துக்கு (ஒக்டோபர் 4–10) பாடசாலையில் கண்காட்சி வைக்கிறோம். விளக்கப் பலகைகள் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் வேலை நிற்கிறது.

விண்ணுக்குப் போகும் கருவிக்கு இணையாக, அதே தரத்தில் இன்னொன்றையும் செய்து, சோதித்து, தரையில் வைத்திருப்பார்கள். அதுதான் ‘ஃப்ளைட் ஸ்பேர்’. பிள்ளைகள் ‘உதிரிப்பாகம்’ என்று எழுதி வந்திருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. செவ்வாய்க் கோளுக்குப் போன மரினர் 4இன் மாற்றாக இருந்த கலத்தைத்தான் திருத்தியமைத்து, மரினர் 5 என்று 1967இல் வெள்ளிக் கோளுக்கு அனுப்பினார்கள். முழுக் கலத்தை உதிரி என்று எப்படிச் சொல்வது?

மூதூர், மோட்டார் பொறியியலாளர்:

டீச்சர், கராஜில் நாங்கள் ஸ்பேர் என்போம், கடைப் பலகையில் உதிரிப்பாகம் என்று இருக்கும். இரண்டும் எல்லாருக்கும் விளங்கும். பலகையைப் பார்க்க வரும் பெற்றோர் அகராதியோடு வரமாட்டார்கள். உதிரி என்றே போடுங்கள்.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகள், இதற்குச் சங்கத்திலேயே சொல் இருக்கிறது. புறநானூறு 102இல் ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது, உப்பு வணிகர் வண்டியின் அடியில் கட்டிப்போகும் ‘சேமவச்சு’ என்கிறார். எருது இளையது, பாரம் பெரிது, வழியில் பள்ளமும் மேடும் வரும், யார் கண்டது என்று இன்னோர் அச்சையும் கொண்டுபோகிறார்கள். ஸ்பேர் என்பதன் முழுக் கருத்தும் அதற்குள் இருக்கிறது. ‘உதிரி’ உதிர்ந்ததைச் சொல்லும். இது உதிர்ந்தது அல்ல, முன்யோசனையோடு காத்து வைத்தது. ஆகவே ‘சேமக்கலம்’.

நிலாவெளி, தனித்தமிழ் அன்பர்:

ஐயா, அச்சு இருக்கட்டும், சேமம் நம்முடையதா? சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி அதை க்ஷேமத்திலிருந்துதான் கொண்டுவருகிறது. அதற்கு முந்திய நம் சொல் ஏமம். குறளில் காவல் என்ற பொருளில் வருகிறது. ‘ஏமக்கலம்’ என்போம்.

தம்பலகாமம்:

தம்பி, இறகு–சிறகு, உருள்–சுருள் என்று சகரம் ஏறிய இணைகள் எத்தனை! ஏமம்–சேமம் அந்த வரிசையில் ஏன் இருக்கக்கூடாது? சேமி, சேமிப்பு என்று வினையாகவும் பெயராகவும் வேர்விட்ட சொல்லை வெளியே தள்ள எனக்கு மனமில்லை. ‘ஏம’ என்று தொடங்கினால் இன்றைய பிள்ளைக்கு ஏமாற்றந்தான் ஞாபகம் வரும்.

உவர்மலை:

சேர், சேமவச்சு என்னைப் பிடித்துக்கொண்டது. ஆனால் ‘சேமக்கலம்’ என்றால் எங்கள் பக்கத்தில் கோயிலிலும் செத்தவீட்டிலும் அடிக்கிற சேகண்டி. வகுப்பறையில் இன்னொரு சிக்கல்: இலங்கைப் பாடநூலில் கலம் என்றால் உயிர்க்கலம், மின்கலம். சேமக்கலம் என்று எழுதினால் பற்றரி என்று நினைப்பார்கள். அப்புறம், அந்த அச்சு வண்டியோடே போனது. இது தரையில் நிற்கிறது.

தம்பலகாமம்:

கூடப் போனாலென்ன, வீட்டில் இருந்தாலென்ன? கெட்டுவிட்டால் என்று எண்ணி வைத்ததுதான் சேமம்.

மூதூர்:

திட்டம் முடிந்த பிறகும் அது சேமமா? வேலை முடிந்தால் அது மிச்சம்.

உவர்மலை:

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைக்கிறேன். மிஞ்சியதும் பறந்திருக்கிறது. 1989இல் வெள்ளிக் கோளுக்கு ஏவிய மகெல்லன் கலத்தின் 3.7 மீற்றர் அன்ரனாத் தட்டு வொயேஜர் திட்டத்தில் மிஞ்சியது. வியாழனுக்குப் போன கலிலியோவுக்கான மாற்றுக் கணினியும் அதில் ஏறியது. அந்தக் கலம் வெள்ளியின் மேகத்தை ராடாரால் ஊடுருவி, தரையில் 98 வீதத்தைப் படமாக்கியது. புளூட்டோவுக்குப் போன நியூ ஹொரைசன்ஸின் அணு மின்னாக்கியும் சனிக் கோளுக்குப் போன கசினிக்காக வைத்திருந்த மாற்றுத்தான். வீனஸ் எக்ஸ்பிரஸில் மார்ஸ் எக்ஸ்பிரஸ், ரொசெற்றா கலங்களின் மாற்றுக் கருவிகள் பல போயின.

பீனிக்ஸ் வேறு வகை. 2001இல் செவ்வாய்க்குப் போகவிருந்த இறங்குகலத்தின் பயணம் கைவிடப்பட்டு, கலம் களஞ்சியத்தில் கிடந்தது. 2008இல் பீனிக்ஸாகச் செவ்வாயில் இறங்கியது. அது எதற்கும் மாற்றாகச் செய்யப்பட்டதல்ல. திருகோணமலைச் சீனன்குடாவில் பிரித்தானியக் கடற்படைக்குக் கட்டிய எண்ணெய்க் குதங்கள் கடற்படை போன பின்னும் நிற்கின்றனவே, அதைப்போல எஞ்சியது. வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ள வொயேஜர் இன்னொரு வகை, சோதனைக்கென்றே செய்த மாதிரி. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பிள்ளைகளுக்குக் குப்பை என்ற எண்ணந்தான் மிஞ்சும். அதை நான் விடமாட்டேன்.

தம்பலகாமம்:

பீனிக்ஸ் வகைக்கு ‘எச்சம்’ என்று சொல்லலாமே. பெயரெச்சம் பெயரைத் தேடி நிற்கும், வினையெச்சம் வினையைத் தேடி நிற்கும். இது ஏறிப்போக ஒரு பயணத்தைத் தேடி நின்றது.

மூதூர்:

சேர், அழகுதான். ஆனால் பலகையில் எச்சம் என்று பார்த்தால் சனம் காக்கையைத்தான் நினைக்கும்.

உவர்மலை:

சரி, நாளை கோப்பை அனுப்ப வேண்டும். ‘சேம’ என்பதை முன்னொட்டாக மட்டும் வைக்கிறேன்: சேமக் கருவி, சேமக் கணினி, சேம அன்ரனா, முழுதாக இருந்தால் சேம விண்கலம். பீனிக்ஸ் பலகையில் ‘கைவிடப்பட்ட திட்டத்தில் எஞ்சிய இறங்குகலம்’ என்று நீட்டி எழுதுகிறேன். சேமவச்சு பற்றிய குறிப்பு முதற் பலகையில் வரும்.

நிலாவெளி:

ஏமத்தை நான் கைவிடவில்லை. குழுவின் சொற்பட்டியலில் மறுப்பையும் சேர்த்துப் பதியுங்கள்.

மூதூர்:

என்னுடையதையும் பதியுங்கள். சேமக் கருவி என்ற சொல்லுக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘ஸ்பேர்’ என்று போடச் சம்மதமா, டீச்சர்?