மறு: கிரவுண்ட் பேலன்ஸ்: தரைச் சமனா, மண்சுருதியா?

வணக்கம்.

மெட்டல் டிடெக்டர் கையேட்டுக்கான சொல்லடைவில் மற்றதெல்லாம் ஒருவழியாக முடிந்தது. மண்ணின் குறுக்கீட்டைக் கழிக்கும் 'கிரவுண்ட் பேலன்ஸ்' என்ற இந்த ஒன்றுதான் இழுபறி. தில்லி நண்பர் போன மடலில் எழுதியது:

> பேலன்ஸ் என்றால் சமன். தரைச் சமன் என்று வைத்துவிட்டுப் போகலாமே. 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் தங்கிய குண்டைத் தேட கிரகாம் பெல் கொண்டுபோன கருவியின் பெயரிலேயே ('இண்டக்ஷன் பேலன்ஸ்') சமன் இருக்கிறது.

போன ஞாயிறு வரைக்கும் என் கட்சியும் அதுதான். கே.ஆர்.புரத்தில் அக்கா வீட்டுக் கொல்லையில் களை பிடுங்கும்போது அவளுடைய வெள்ளி மெட்டி கழன்று விழுந்துவிட்டது. கருவியையும் நம் வரைவையும் அக்கா மகன் கையில் கொடுத்தேன். "முதலில் தரைச் சமன் செய்க" என்று வாய்விட்டுப் படித்தான். படித்துவிட்டுச் செருப்புக் காலால் மண்கட்டிகளை மிதித்து மட்டமாக்க ஆரம்பித்தான். "டேய், மெட்டி இன்னும் உள்ளே போயிடும்டா!" என்று அக்கா கத்தினாள். பையனைக் குறை சொல்ல முடியாது. தரையைச் சமன் செய்வதென்றால் தமிழில் அதுதானே அர்த்தம்.

உண்மையில் அங்கே நடப்பது வேறு. கருவியின் அடியில் இருக்கும் கம்பிச் சுருளிலிருந்து போகும் மாறுகாந்தப் புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. அதன் எதிரொலியை வாங்கும் சுருள் பிடிக்கிறது. ஆனால் பெங்களூர்ச் செம்மண்ணும் சும்மா இருப்பதில்லை. அதன் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். அதுவும் பதில் சொல்லும். சுருளைத் தரைக்குக் கொண்டுபோனாலே கருவி உறுமும், மெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதனால் உலோகம் இல்லாத ஓர் இடமாகப் பார்த்து, சுருளை ஓரடி உயரத்துக்கும் தரைக்கு இரண்டங்குலம் மேலுக்குமாக ஏற்றி இறக்க வேண்டும். இறக்கும்போது ஒலி உரத்தால் கருவியின் குமிழை ஒரு பக்கம் திருப்ப வேண்டும், அமுங்கினால் மறுபக்கம். ஏற்றினாலும் இறக்கினாலும் ஒலி அசையாமல் ஒரே சீராக நின்றால், மண் கணக்கிலிருந்து கழிந்துவிட்டது. மண் மாறினால் மறுபடியும் செய்ய வேண்டும். அக்கா கொல்லையிலேயே ரோஜாப் பாத்திக்கு வாங்கிக் கொட்டிய கறுப்பு மண்ணில் ஒருமுறை, ஓரத்துச் செம்மண்ணில் ஒருமுறை என இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது.

பெல் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கருவியில் சமன்பட்டது மண் அல்ல, சுருள்கள். பக்கத்தில் உலோகம் இல்லாதபோது வாங்கும் சுருளில் ஒன்றும் விழாதபடி இரண்டையும் பொருத்துவது. (கட்டில் மெத்தையில் இரும்புச் சுருள்கள் இருந்து அவரைக் குழப்பியது தனிக்கதை.) இன்றைய கருவிகளிலும் அந்தச் சமன் உண்டு, அது தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். ஆக ஒரே கருவிக்குள் இரண்டு வேலை. 'சுருள்சமன்' என்று அதற்குச் சமனைக் கொடுத்துவிடுவோம். மண்ணுக்கு வேறு சொல் வேண்டும்.

காதில் விழும் அந்த மெல்லிய ரீங்காரத்தைக் கேட்டால் தம்பூராதான் நினைவுக்கு வருகிறது. கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பதுபோல, தேடுவதற்கு முன் மண்ணோடு சுருதி சேர்க்கிறோம். 'மண்சுருதி' என்பது என் பரிந்துரை. மண்சுருதி சேர், தானியங்கி மண்சுருதி, தொடர் மண்சுருதி என்று எப்படிக் கிளைத்தாலும் சொல் தாங்குகிறது.

அடுத்த சொல், சுருளைத் தரைக்கு மேல் பக்கவாட்டில் ஓட்டித் தேடும் ஸ்வீப். அதற்கு 'வீச்சு' வேண்டாம். வீசினால் இரு முனையிலும் கை மேலே போய்விடும், புதியவர்கள் செய்யும் பெரிய தப்பே அதுதான். 'மெழுகுதல்' வைக்கலாம். வாசலைச் சாணி போட்டு மெழுகுகிறவர் கையைப் பாருங்கள்: தரையோடு தரையாக, போன வளைவின் பாதியை மூடி அடுத்த வளைவு.

- அல்சூரிலிருந்து

> மெழுகுதலுக்கு என் ஓட்டு. சுருதியில் ஒரு சந்தேகம். இங்கே மும்பையில் ஈர மணலில் உப்புநீரும் மின்சாரம் கடத்துவதால் மண்ணைவிடக் கடல்தான் கத்தும். தவிர, புதுக் கருவிகள் பல ரீங்காரமே இல்லாமல் மௌனமாக ஓடுகின்றன. கேட்காத சுருதிக்கு என்ன பெயர்?

> தில்லியிலிருந்து மீண்டும். சமனை விட்டுவிடுகிறேன், சுருள்சமன் நியாயம்தான். ஆனால் சுருதி வடசொல். நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுரத்தை விடாமல் பிடிக்கும் குழலுக்கு 'ஒத்து' என்று பெயர். 'மண்ணொத்து' என்னலாமே?

அல்சூரிலிருந்து மீண்டும். ஒத்து அழகான சொல், எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் 'ஒத்து ஊதுகிறான்' என்று ஆளைத் திட்டத்தான் இன்று அது வாயில் வருகிறது. மௌனக் கருவியிலும் மண்ணுக்கு ஏற்றபடி ஒரு நிலை வைத்துத்தானே ஆக வேண்டும்? பாடகர் வாயைத் திறக்குமுன்பும் அவருக்கு ஒரு கட்டை உண்டு.

இன்னொன்று: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்துகிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கையேட்டின் முதல் பக்கத்திலேயே இது வரட்டும்.

நேற்று மண்சுருதி, மெழுகுதல் இரண்டு சொல்லையும் அக்கா மகனிடம் சொல்லிவிட்டுக் கருவியைக் கொடுத்தேன். ஒரு சோடா மூடி, இரண்டு ஆணி, அப்புறம் ரோஜாப் பாத்தி ஓரத்தில் நாலங்குலத்தில் மெட்டி. அதற்கு முன்னால் அவன் கேட்டது: "மாமா, இந்த மண்ணுக்கும் சுருதி சேர்க்கணுமா, பழையதே போதுமா?"