அம்மாவின் குடியேற்ற விசா விண்ணப்பமான டிஎஸ்-260-ல் ஒரு "நோ" தப்பாக விழுந்துவிட்டது. அட்டர்னி வைக்கணுமா?

ஜெர்சிக்காரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2001-ல் படிக்க வந்தவன். 2018-ல் சிட்டிசன். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது, அம்மா மன்னார்குடியில் தனியாக இருக்கிறார். கிரீன் கார்டு எடுத்துக் கூட்டி வந்துவிடலாம் என்று, குடும்பத்தாரை அழைக்கும் மனுவான ஐ-130 போட்டேன். போட்டேன் என்றால், நானாகப் போடவில்லை. வருஷாவருஷம் எனக்கு டாக்ஸ் ஃபைல் பண்ணித் தருகிறவர், "இமிக்ரேஷன் பேப்பரும் நான் பார்ப்பேன் சார், நோட்டரி பப்ளிக்கும் நான்தான்" என்றார். 1,200 டாலர். நம்ம ஊரில் நோட்டரி என்றால் வக்கீல்தானே, அந்த நினைப்பில் சரி என்றுவிட்டேன்.

ஐ-130 அப்ரூவ் ஆகி, இன்டர்வியூவுக்கு முன் கேஸைத் தயார் செய்யும் நேஷனல் விசா சென்டருக்கு (என்விசி) போனது. விசா ஃபீஸ் 325, அம்மாவின் செலவை நான் ஏற்கிறேன் என்ற உறுதிமொழியான அஃபிடவிட் ஆஃப் சப்போர்ட்டுக்கு 120, இரண்டும் கட்டியாயிற்று. டிஎஸ்-260-ஐ அவரே நிரப்பி, அவரே சப்மிட்டும் செய்துவிட்டார். என்னிடம் அரை மணி நேரம் பேசியதோடு சரி. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் அம்மாவிடம், இன்டர்வியூவுக்கு மும்பை போகணும் என்று சொன்னேன். "மறுபடியும் அந்த ஆபீஸா? மெட்ராஸ்ல எங்களை வேண்டாம்னு திருப்பி அனுப்பினாங்களே, அதைக் கேப்பாங்களாடா?" என்றார். அப்போதுதான் உறைத்தது. 2003-ல் என் கான்வகேஷனுக்கு வருவதற்காக அப்பாவும் அம்மாவும் ஜெமினி பாலத்துப் பக்கத்து கான்சுலேட்டில் விசிட்டர் விசாவுக்கு நின்று, இரண்டே கேள்வியில் ரிஃப்யூஸ் ஆனார்கள். அந்த அவமானத்துக்கு அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்றுவிட்டார் அப்பா. நாங்கள்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வந்தோம்.

டிஎஸ்-260 பிரதியை எடுத்துப் பார்த்தால், இதற்கு முன் அமெரிக்க விசா மறுக்கப்பட்டதுண்டா என்ற இடத்தில் "நோ". இந்தப் படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா என்ற இடத்திலும் "நோ". டாக்ஸ்காரருக்குப் போன் போட்டேன். "அது இருபது வருஷத்துக் கதை சார், அவங்ககிட்ட ரெக்கார்டே இருக்காது. யெஸ் போட்டா விளக்கம் எழுதணும், கேஸ் இழுக்கும். நான் எல்லாருக்கும் நோதான் போடறது" என்கிறார், ஏதோ உப்பு குறைவாகப் போடுகிற மாதிரி.

நானே திருத்திக்கொள்ளலாமா, அட்டர்னி வைக்கணுமா? வைப்பதென்றால் நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்-ல் உள்ள கணக்கை டாக்ஸ்காரர் தன் இமெயிலில்தான் திறந்திருக்கிறார், அதற்கு என்ன செய்வது? இதற்கு நடுவில் இன்னொன்று: அம்மா 1954-ல் பிறந்தவர், பர்த் சர்டிஃபிகேட்டே கிடையாது.

---

பழைய எஃப்-1:

தம்பி, முதல்ல கடைசிக் கேள்வி, அது சின்ன விஷயம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1970 ஏப்ரல் 1-லதான். அதுக்கு முன்னாடி பிறந்தவங்களுக்கு சர்டிஃபிகேட் இல்லாம இருக்கறது அமெரிக்கக்காரனுக்கும் தெரியும். நகராட்சியில "பதிவு இல்லை"ன்னு ஒரு சான்று வாங்கு, பள்ளிக்கூட டிசி இருந்தா எடு, அம்மாவைவிட மூத்த உறவுக்காரங்க யாராவது அஃபிடவிட் கொடுக்கட்டும். எங்கம்மாவுக்கு அவங்க அண்ணன் கொடுத்தார், எண்பத்தாறு வயசு, கையெழுத்து நடுங்கி நடுங்கி ஓடியிருக்கும். செல்லுபடியாச்சு.

எங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் நானே போட்டேன், வக்கீல் இல்லை. சிட்டிசனோட பெத்தவங்களுக்கு க்யூவே கிடையாது, ப்ரையாரிட்டி டேட் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம். அந்த அஃபிடவிட் ஆஃப் சப்போர்ட் இருக்கே, ஐ-864, அதுக்கு உன் வருமானம் வறுமைக்கோட்டுக் கணக்குல 125 சதவீதம் தாண்டணும், அவ்வளவுதான். நேரான கேஸுக்கு வக்கீல் தண்டச் செலவுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

உன் கேஸ் நேரா இல்ல தம்பி. அந்த ஆளு கோணலாக்கிட்டான்.

---

கொங்குக்காற்று:

ப்ரோ, ரொம்ப யோசிக்காதீங்க. 2003 எல்லாம் யார் தோண்டிப் பார்க்கப் போறாங்க? வயசான அம்மா, இன்டர்வியூல ரெண்டு கேள்வி கேட்டு விட்டுடுவாங்க. நாமளே போய் வாயைத் திறந்தா வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதைதான்.

---

ஃபைல்காரி:

கொங்குக்காற்று சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். நான் ஒரு இமிக்ரேஷன் லா ஆபீஸில் பதினொரு வருஷமாக பாராலீகல், அதாவது வக்கீலுக்கு உதவியாளர். வக்கீல் இல்லை, அதனால் உங்கள் கேஸுக்கு இதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லக்கூடாது. தினமும் பார்க்கிறதைச் சொல்கிறேன்.

விசா ரிஃப்யூசல் எல்லாம் கான்சுலர் டேட்டாபேஸில் இருக்கும். இன்டர்வியூ அதிகாரி அம்மாவின் பெயரையும் பிறந்த தேதியையும் தட்டினால் 2003 வந்து நிற்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த ரிஃப்யூசல் ஒரு பொருட்டே இல்லை. விசிட்டர் விசாவை அப்போது பெரும்பாலும் மறுப்பது குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவில்தான்: "நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை", அவ்வளவுதான் அதன் அர்த்தம். இப்போது உங்கள் அம்மா குடியேறத்தான் வருகிறேன் என்று வெளிப்படையாகக் கேட்கிறார். "யெஸ்" போட்டு ஒரு வரி எழுதியிருந்தால் அதிகாரி தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்.

பொய் அப்படியல்ல. விசாவுக்காக வேண்டுமென்றே, விஷயத்தைப் பாதிக்கிற மாதிரி தவறான தகவல் தந்தார் என்று அதே சட்டத்தின் 212(ஏ)(6)(சி) பிரிவில் முடிவெடுத்தால் அந்தத் தடைக்குக் காலக்கெடு கிடையாது, ஆயுசுக்கும்தான். ஐ-601 படிவம் போட்டு வெய்வர், அதாவது தடையிலிருந்து விலக்கு, கேட்கலாம். ஆனால் அதற்கு, சிட்டிசனாகவோ கிரீன் கார்டுடனோ இருக்கிற கணவரோ, மனைவியோ, பெற்றோரோ கடும் கஷ்டப்படுவார்கள் என்று காட்டணும். அந்தப் பட்டியலில் மகன் கிடையாது. உங்கள் அப்பா இல்லை. அம்மாவின் பெற்றோரும் இங்கே இருக்கப்போவதில்லை. அப்படியென்றால் வெய்வருக்கு வழியே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அட்டர்னி வைக்கச் சொல்வேன்.

ரிஃப்யூசலை மறைத்தது விஷயத்தைப் பாதிக்கிற பொய்யா, அம்மாவுக்கே தெரியாமல் வேறொருவர் செய்ததற்கு அவர் பொறுப்பா என்றெல்லாம் வாதாட இடமுண்டு. அந்த வாதம் வரை போகாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். அதிகாரி கையும் களவுமாகப் பிடிப்பதற்கு முன், நீங்களாக முந்திக்கொண்டு திருத்தினால் அதற்குத் தனி மரியாதை உண்டு. சப்மிட் ஆன டிஎஸ்-260 பூட்டிக்கொள்ளும். என்விசிக்கு எழுதித் திறந்து தரச் சொல்லலாம். கடிதத்தில் என்ன எழுதுவது, எவ்வளவு எழுதுவது என்பதைத்தான் அட்டர்னி பார்க்கணும்.

நோட்டரி விஷயம். இந்தியாவில் நோட்டரி ஆகிறவர்கள் வக்கீல்கள், அதனால் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். லத்தீன் அமெரிக்காவில் "நோட்டாரியோ" என்றால் பெரிய சட்டப் பதவி, அதனால் அவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். இங்கே நோட்டரி என்பவர் கையெழுத்துப் போட்டது நீங்கள்தான் என்று பார்த்து முத்திரை குத்துகிறவர், வேறொன்றும் இல்லை. வக்கீல் அல்லாதவர் நீங்கள் சொன்னதைப் படிவத்தில் டைப் அடித்துத் தரலாம். எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று அவராக முடிவு செய்ய உரிமை கிடையாது. ஐ-130-ன் பின்பக்கங்களில் "ப்ரிப்பேரர்", அதாவது படிவத்தை நிரப்பித் தந்தவர், பகுதியைப் பாருங்கள். காலியாக இருக்கும், பந்தயம்.

ஆள் தேடும்போது: இமிக்ரேஷன் சட்டம் ஃபெடரல், எந்த மாநிலத்து லைசென்ஸ் இருந்தாலும் உங்கள் கேஸை எடுக்கலாம், ஜெர்சியில்தான் தேடணும் என்பதில்லை. லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று அந்த மாநில வக்கீல்கள் அமைப்பின் (பார்) அல்லது நீதிமன்றத்தின் தளத்தில் பார்த்துவிடலாம். அமெரிக்க இமிக்ரேஷன் வக்கீல்கள் சங்கமான ஏலா ஒரு டைரக்டரி வைத்திருக்கிறது. கையில் பணம் குறைவென்றால் அமெரிக்க நீதி அமைச்சகம் அங்கீகரித்த தொண்டு நிறுவனங்களில் "அக்ரெடிட்டட் ரெப்ரசன்டேட்டிவ்" இருப்பார்கள். வக்கீல் இல்லாவிட்டாலும் சட்டப்படி உங்களுக்காக ஆஜராகலாம், பட்டியல் அரசுத் தளத்திலேயே உண்டு. நான் எல்லோரையும் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: "உங்கள் பெயரில் ஜி-28 போடுவீர்களா?" இந்த கேஸுக்கு நான்தான் பிரதிநிதி என்று கையெழுத்திட்டுத் தரும் படிவம் அது. மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். "கேரண்டி" என்றாலும்தான்.

டாக்ஸ்காரரிடம் இப்போதைக்குச் சண்டை வேண்டாம். முதலில் எல்லா ரசீது, நோட்டீஸ், அப்லோட் செய்த பிரதிகளையும் வாங்கிவிடுங்கள். மாநில அட்டர்னி ஜெனரலுக்கும், நுகர்வோர் புகார்களைப் பார்க்கும் ஃபெடரல் அமைப்பான எஃப்டிசிக்கும் புகார் அப்புறம். என்விசி பக்கத்தில் கேஸ் நம்பரும் இன்வாய்ஸ் நம்பரும் தெரிந்த யாரும் நுழையலாம், அதனால் தொடர்பு இமெயிலை மாற்றச் சொல்லி இன்றைக்கே எழுதுங்கள்.

---

ஜெர்சிக்காரன்:

மகன் கணக்கில் வரமாட்டான் என்ற வரியை நாலு தடவை படித்தேன். ராத்திரி தூக்கமில்லை.

ப்ரிப்பேரர் பகுதி காலிதான், பந்தயம் உங்களுக்கே. இன்னொன்று, டிஎஸ்-260 முடிவில் மின்கையெழுத்துப் போடும் பொத்தானை அழுத்தியதும் அவர்தான். அம்மா அந்தத் திரையைப் பார்த்ததே இல்லை.

---

ஃபைல்காரி:

அதை அட்டர்னியிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அந்தக் கையெழுத்தை விண்ணப்பதாரரேதான் போடணும்.

---

ஜெர்சிக்காரன் (மூன்று வாரம் கழித்து):

நிலவரம் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரிடம் போனில் பேசினேன். ஒருவர் ஜி-28 என்றதும் "அதெல்லாம் பிறகு" என்றார். ஒருவர் கேஸைக் கேட்காமலே ஃபீஸ் சொன்னார். மூன்றாவது அம்மையார் 45 நிமிஷக் கலந்தாலோசனைக்கு 250 டாலர் என்றார், ஆனால் உங்கள் அம்மாவும் வீடியோவில் இருந்தால்தான் என்றார். அங்கேயே முடிவெடுத்துவிட்டேன்.

அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கோர்ட் என்று நினைத்துவிட்டார் போல. நான் மொழிபெயர்த்தேன். 2003-ல் என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்றெல்லாம் விசாரித்தார் அட்டர்னி. "பையன் திரும்பி வருவானான்னு கேட்டாங்க, எனக்கு எப்படித் தெரியும்னு சொன்னேன்" என்றார் அம்மா. இதை நான் இருபது வருஷத்தில் கேள்விப்பட்டதே இல்லை. அட்டர்னி சிரித்துவிட்டார்.

பேச்சு நடுவில் அம்மா எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய பாஸ்போர்ட்டை எடுத்து வந்தார். கடைசிப் பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டினார்: மங்கலாக ஒரு முத்திரை, "அப்ளிகேஷன் ரிசீவ்டு", தேதியோடு. ரெக்கார்டே இருக்காது என்றார் அந்த மனுஷன்!

அட்டர்னி ஜி-28 போட்டார். நடந்ததை அம்மா தன் கையாலேயே தமிழில் ஒரு பக்கம் எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பில், இரண்டு மொழியும் தெரியும், சரியாகப் பெயர்த்தேன் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்டால் போதுமாம். நோட்டரி முத்திரை வேண்டாம் என்றார், அதுவே ஒரு நிம்மதி. என்விசி படிவத்தைத் திறந்து தந்தது. இந்தத் தடவை அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணோடு உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாக என்னிடம் போனில் கேட்டு, தானே கிளிக் பண்ணினார். அதற்கு மட்டும் நாலு மணி நேரம்.

இன்டர்வியூ தேதி இன்னும் வரவில்லை. அட்டர்னியைக் கேட்க மறந்துவிட்டேன்: மும்பைக்கு அந்தப் பழைய பாஸ்போர்ட்டையும் கொண்டுபோகணுமா?

---

பழைய எஃப்-1:

கட்டாயம். கைப்பையில வைக்கச் சொல்லு, சூட்கேஸ்ல போடக்கூடாது.